பேரரசியின் பேரால் ஒரு ஆணை

அஸ்காலே வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். பேச்செல்லாம் மனசுக்குள்தான். பக்கத்தில் நடந்த புருஷன் தெஸ்ஸெமாவுக்கு அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அவளுடைய வெள்ளைப் போர்வையின் நுனியும் அவனுடைய போர்வையின் நுனியும் ஒரே முடிச்சில் கிடந்தன. வழக்காடப் போகிறவர்கள் அப்படித்தான் போக வேண்டும். தீர்ப்புச் சொல்பவர் முன்னால் போய் நிற்கும்வரை முடிச்சை அவிழ்க்கக் கூடாது.

மழை விட்டு மலைச்சரிவெல்லாம் மஞ்சள் பூ. அதன்மேல் பால் ஆடை மாதிரி பனி. அந்தப் பனிக்குள் பாதை தெரிந்ததோ இல்லையோ, அஸ்காலேக்குப் பேரரசி தெரிந்தாள். பட்டுத் திரைக்குப் பின்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா வழக்கு?"

"தாயே, எங்கம்மா எனக்கு விட்டுட்டுப் போன நெலம். ஓடையோரத் துண்டு. இந்த மனுஷன் அதத் தூக்கித் தன் தம்பிக்குக் குடுக்கப் பாக்குறான்."

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?"

"ம்க்கும், கேட்டுட்டாலும்!"

பேரரசி சிரித்தாள். சும்மாவா அவள்? ராஜா நோயில் விழுந்தபின் திரைக்குப் பின்னாலிருந்தே நாட்டை நடத்தியவள். பெண்ணுக்குத் தாய்வழி வந்த நிலத்தில் புருஷன் கை வைக்கக் கூடாதென்று அவள் சொன்ன தீர்ப்பைப் பெண்கள் மாவரைக்கும்போது பாட்டாகவே பாடினார்கள். அந்தத் தைரியத்தில்தான், தெஸ்ஸெமா அந்த நிலத்தில் ஏர் பூட்டியபோது மாட்டுக்கு முன்னால் போய் நின்று அஸ்காலே கத்தினாள்: "பேரரசி சாகட்டும்!"

அது சாபமில்லை, மீறினால் பேரரசி சாகட்டும் என்று எதிராளியைத் தடுத்து நிறுத்தும் ஆணை. அதைக் கேட்டபின் ஓரடி எடுத்து வைத்தாலும் பேரரசியின் சாவை விரும்பினவன் என்று ஆகிவிடும். எவனுக்குத் துணிச்சல் வரும்? தெஸ்ஸெமா கலப்பையை அப்படியே போட்டுவிட்டு அவளோடு அரண்மனைக்குக் கிளம்பினான்.

"என்னடி முணுமுணுப்பு? மந்திரமா?" என்றான் இப்போது.

"உனக்கென்ன? பாதையப் பாத்து நட. விழுந்தா என்னையும்ல இழுப்ப!"

மடியிலிருந்து வறுத்த பார்லியை எடுத்து, தான் தின்னுமுன் அவள் கையில் கொட்டினான். அவளுக்கு மனசு கொஞ்சம் இளகியது. உடனே அந்த மனசின்மேலேயே கோபமும் வந்தது.

அரண்மனை இருந்த மலையடியில் சந்தை. உள்ளே நுழையும்போதே முரசுச் சத்தம் வந்தது. கோவேறு கழுதைமேல் இருந்தவன் தொண்டை கிழியக் கூவினான்: "பேரரசி மறைந்தார்! செத்ததும் நாமே, இருப்பதும் நாமே!"

பெண்கள் மார்பில் அறைந்துகொண்டு அழுதார்கள். அஸ்காலே சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, நான்தானே கத்துனேன்! சாகட்டும்னு என் வாயாலதானே சொன்னேன்!"

"பைத்தியக்காரி! ஊரே தெனமும் அப்படித்தான் கத்துது. நீ கத்துனா செத்துருவாங்களா?" அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து முடிச்சை அவிழ்த்தான். "எந்திரி. அவங்களே போயாச்சு, இனி ஆணை ஏது, வழக்கு ஏது? தம்பி காத்துக்கிட்டிருப்பான்."

அந்தத் 'தம்பி'யைக் கேட்டதும் அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. பனிக்குள் பார்த்தாள். திரையும் இல்லை, முகமும் இல்லை. முரசு மறுபடி அதிர்ந்தது. செத்ததும் நாமே, இருப்பதும் நாமே. பட்டத்துக்கு வருகிற ராஜா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பழைய வாசகம் அது. அஸ்காலேக்கோ, தன்னையும் சேர்த்துத்தான் கூவுகிறான் என்று பட்டது. அரண்மனை வாசலைக்கூடப் பார்க்காதவள் அவள். அப்படியென்றால் வழியெல்லாம் கேட்ட குரல் யாருடையது?

எழுந்து சேற்றை உதறினாள்.

"தீர்ப்பு ஆயிடுச்சு."

"யாருடி சொன்னா?"

"அவங்கதான், வர்ற வழியிலேயே. நெலம் எனக்கு. தம்பிக்கு வாக்குக் குடுத்திருந்தா உன் பங்குலேர்ந்து குடு. என் நெலத்துல ஏர் எறங்குனா நான் சொல்லித்தான் எறங்கணும்."

சொல்லிவிட்டுத் திரும்பி, ஊர்ப் பாதையில் விறுவிறுவென்று நடந்தாள். முடிச்சு அவிழ்ந்தபின் அவளைப் பிடித்திழுக்கத் தெஸ்ஸெமாவின் கையில் ஒன்றுமில்லை. பனி அவளை இடுப்புவரை விழுங்கிவிட்டிருந்தது.

"அஸ்காலே! நில்லு!" அவள் நிற்கவில்லை. அவன் குரல் இறங்கியது. "நானும்... நானும் கூட வரட்டுமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் கேட்ட முதல் அனுமதி அது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள், நடையை நிறுத்தாமல்.