அலமாரிக் கதவு

திருத்தணி ஆந்திராவோடு சேர்ந்த மறு வருஷம், ஆடி மழை ஈரத்தில் ஞானாம்பாளின் சமையலறை அலமாரி தோல் உரியத் தொடங்கியது.

அரக்கோணத்தில் ஒரு ரயில்வே துரை சீமைக்குக் கிளம்பும்போது ஏலத்தில் விட்ட அலமாரி அது. மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் அவள் கணவர் நாராயணசுவாமி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கதவு உள்ளுக்குள் மட்ட மரம்தான். மேலே மட்டும் மெல்லிய தேக்குத் தகடு வழவழவென்று ஒட்டியிருந்தது. தெருவில் வேறு எந்த அடுப்பங்கரையிலும் அப்படி ஒன்று கிடையாது. இப்போது ஆவி பட்டுப் பட்டு அந்தத் தகடு ஓரத்தில் கிளம்பி, பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு நின்றது. கஞ்சிப் பசை தடவிப் பார்த்தாள். சாதம் கொதிக்கிற வரைக்கும் நின்றது, அப்புறம் மறுபடியும் கிளம்பிவிட்டது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கட்டைவிரலால் ஓரத்தை அமுக்கிவிட்டுப் போனாள்.

கடைசியில் கடைத்தெரு மரவேலைக்காரர் கரீமுல்லாவை வரவழைத்தாள். அவர் கதவுகளைக் கழற்றிக் கொல்லையில் கிடத்தி, கரி அடுப்பு மூட்டி, ஒரு தகரக் குவளையில் பசை காய்ச்சினார். நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"என்ன பாய், இப்படி நாறறது?"

"வஜ்ரம்மா. மாட்டுத் தோலு, எலும்பு காச்சி எடுக்கிற பசை. சூடா தடவி அமுக்கினா இரும்பாட்டம் புடிச்சிக்கும்."

அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். "அப்போ முன்னாடி ஒட்டியிருந்தது?"

"ஆங், அதுவும் இதான். இந்த மாதிரி சாமானெல்லாம் இதுலதாம்மா ஒட்டிக்கினு இருக்கும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகக் குவளையை இறக்கினார். "தெரியாதாம்மா? வேணாம்னா நிறுத்திடறேன்."

"அவர்கிட்ட சொல்லிடாதேங்கோ பாய்."

"நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்? ரோசனை பண்ணி வைங்க. நாளைக்கு வரேன்."

அவர் போனதும் ஊறுகாய் ஜாடிகளை அலமாரியிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப உள்ளே வைத்தாள். தலையோடு இன்னொரு தரம் குளித்தாள். அடுப்பை மூட்டினாள், அணைத்தாள். இந்த அடுப்பங்கரையில் சாப்பிட்ட கைதானே மலைமேல் சுவாமிக்குப் பொங்கல் வைக்கிறது? சொன்னால் மனுஷர் துடித்துப்போவார். சொல்லாவிட்டால் தினம் எப்படிப் பரிமாறுவது?

மத்தியானம் அவர் மலையிறங்கி வந்து இலை முன் உட்கார்ந்தார். அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"ஏன்னா, அந்த அலமாரியை மாட்டுத்தோல் பசையிலே ஒட்டியிருக்காளாம்."

அவர் இலையைப் பார்த்தபடியே, "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"ஏலத்திலேயே ஒருத்தன் சொன்னான். கூடத்திலே போடலாம்னுதான் கொண்டுவந்தேன். வண்டியைப் பார்த்ததுமே நீ அடுப்பங்கரைக்குன்னு குதிச்சே. அந்த முகத்தைப் பார்த்துண்டு எப்படிச் சொல்றது? தினம் குளத்திலே முழுகிட்டுத்தானே மலை ஏறறேன்."

பயம் விலகினால் மனசு ஆறும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆறவில்லை. பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. பரிமாறிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் கரீமுல்லா வந்தார். "நன்னா ஒட்டுங்கோ பாய். ஆனா அலமாரி கூடத்துக்குப் போறது" என்றாள். அவர் பழைய பசையைச் சுரண்டி, புதுசாகத் தடவி, மேலே பலகை போட்டு அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். காய்ந்ததும், மலையிறங்கி வந்த நாராயணசுவாமியும் சேர்ந்து மூன்று பேருமாக அலமாரியை நகர்த்தினார்கள். சமையலறை நிலையில் அது சிக்கிக்கொண்டு, சுண்ணாம்பைப் பெயர்த்துக்கொண்டுதான் வெளியே வந்தது. கதவை மாட்டியபோது தகடு பிசிறில்லாமல் பளபளத்தது.

"இங்க ஆவி கெடையாது. இனிமே உரியாதும்மா" என்று சொல்லிவிட்டு கரீமுல்லா கிளம்பினார்.

சமையலறைத் தரையில் டப்பாக்கள் பரந்து கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்தாள், வைக்க மனமில்லை. அதோடேயே கூடத்துக்கு வந்தாள். நாராயணசுவாமி தன் வேஷ்டிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்னெல்லாம் சொல்லாம வெச்சிண்டிருக்கேள்?"

அவர் திரும்பினார். சிரித்து மழுப்பப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் வேஷ்டியைக் கீழே வைத்தார்.

"உக்காரு" என்றார். "ஒண்ணொண்ணா சொல்றேன்."

"நான் நிக்கறேன். நீங்க சொல்லுங்கோ."