பேர் வெட்டிய டம்ளர்

ஒரு வீட்டுக்குள் நுழைந்து சற்று நேரம் உட்கார்ந்தால் போதும், அங்கே அடுப்பு ஒழுங்காக எரிகிறதா இல்லையா என்று லலிதாம்பாள் சொல்லிவிடுவாள். அப்படித்தான் அவள் நம்பினாள். செல்லூரில் இருக்கும் கைத்துணை அறக்கட்டளையும் அதை நம்பித்தான் நடந்தது.

அறக்கட்டளை என்றதும் ஏசி ஆபீஸ், வாசலில் கார் என்று நினைத்துவிட வேண்டாம். சௌரிராஜன் தன் வீட்டு மாடியில் ஒரு மேசையும் பீரோவும் போட்டு நடத்துகிற சங்கதி அது. தெரிந்தவர்களும் கடைக்காரர்களும் கொடுப்பதைச் சேர்த்து, வருடா வருடம் சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால், கஷ்டப்படுகிற சில குடும்பங்களுக்குத் தொழில் செய்யச் சாமான் வாங்கிக் கொடுப்பார்கள். தையல் மெஷின், இஸ்திரி வண்டி, கிரைண்டர், இப்படி. யாருக்குக் கொடுக்கலாம் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து லலிதாம்பாள் சொல்வாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அதற்குக் காரணமும் இருந்தது. முன்பொரு தடவை வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்கு, இன்ன நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வீட்டில் ஒரு சாமான் இல்லை. வீட்டுக்காரன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கிளம்பும்போதுதான் ஆட்டுக்கொட்டிலில் சாக்கு போர்த்திய எதன் மேலோ ஒரு கிடா ஏறி நிற்பதைப் பார்த்தாள். கிடா குதித்தது, சாக்கு நழுவியது, உள்ளே புத்தம் புது வாஷிங் மெஷின். அன்றிலிருந்து யார் வீட்டுக்கும் அவள் சொல்லிவிட்டுப் போவதில்லை.

முனீஸ்வரி வீட்டுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகும்படி ஆகிவிட்டது.

முனீஸ்வரி அதே செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிறவள். புருசன் லாரியில் லோடு ஏற்றும்போது விழுந்து செத்துப்போனான். ஒரே மகள் திவ்யா, அப்போதுதான் பத்தாவது எழுதி முடித்திருந்தாள். தறிக்கூடத்தில் வேலை நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. பெரிய கிரைண்டர் ஒன்று கிடைத்தால் இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைத்துக்கொள்வேன், மகளையும் மேலே படிக்க வைத்துவிடுவேன் என்று அவள் சௌரிராஜனிடம் வந்து கேட்டிருந்தாள். கிடைக்காவிட்டால் பேரையூர்ப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. திவ்யாவை வெளியூர் நூல் மில்லில் சேர்த்துவிடலாம், அங்கேயே தங்கிக்கொள்ளட்டும் என்று அண்ணன் மருது சொல்லிக்கொண்டிருந்தான். சௌரிராஜன் சொல்லி இதெல்லாம் லலிதாம்பாளுக்கும் தெரியும்.

எப்போது போனாலும் வீடு பூட்டிக் கிடந்தது. முனீஸ்வரி வேலைக்குப் போயிருப்பாள். அலைந்து அலுத்துப்போய் லலிதாம்பாள் போன் போட்டாள்.

"முனீஸ்வரி, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுல இரு. நான் வாரேன்."

"ஆத்தாடி, எங்க வீட்டுக்கா? வாங்கக்கா, வாங்க!"

சனிக்கிழமை போனபோது சந்து முனையிலேயே முனீஸ்வரி காத்துக்கொண்டிருந்தாள். ஒற்றை அறை வீடு. ஆனால் தரை பளிச்சென்று துடைத்திருந்தது. இரண்டு பச்சை பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. மூலையில் ஒரு ஸ்டாண்ட் ஃபேன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. திவ்யா காதில் தங்கத் தோடு மின்ன, தட்டில் கேக்கும் மிக்சரும் கொண்டுவந்து வைத்தாள். அம்மாக்காரி பளபளக்கிற எவர்சில்வர் டம்ளர் நிறையக் கலர் சோடா ஊற்றிக் கொடுத்தாள்.

லலிதாம்பாள் ஃபேனைப் பார்த்தாள், தோட்டைப் பார்த்தாள். டம்ளரைத் தூக்கிக் குடிக்கும்போது விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக 'ரெங்கம்மாள்' என்று பேர் வெட்டியிருந்தது கண்ணில் பட்டது. பட்டது, அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

"வீட்டுச் செலவெல்லாம் எப்படிச் சமாளிக்கிற?"

"அதுபாட்டுக்கு ஓடுதுக்கா. உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல. நீங்க மொதல்ல கேக்க எடுத்துக்கங்க."

பிறகு எவ்வளவு கேட்டும் ஒரு புலம்பல் வரவில்லை. கிரைண்டர் பேச்சைக்கூட அவளாக எடுக்கவில்லை. வாசல்வரை வந்து, மறுபடி வாங்கக்கா என்று சிரித்து வழியனுப்பினாள்.

சந்து திரும்புவதற்குள் லலிதாம்பாள் தீர்ப்பு எழுதிவிட்டாள். சௌரிராஜனும் அவளும் தங்களுக்குள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில்தான் பேசிக்கொள்வார்கள். அன்று அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "அது நல்லா இருக்கற வீடுண்ணா. ஃபேன் என்ன, தோடு என்ன! அவளே குறையில்லன்னு சொல்லிட்டா. நிஜமா இல்லாதவங்களுக்குக் கொடுங்க."

கிரைண்டர் வேறொரு வீட்டுக்குப் போனது. செய்தியை லலிதாம்பாளே போனில் சொன்னாள். முனீஸ்வரி, "பரவால்லக்கா. இல்லாதவுகளுக்குக் கெடைச்சாச் சரிதான்," என்றாள். ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அப்படியானால் நம் கணக்கு சரிதான் என்று இவளுக்குத் திருப்தி வேறு.

ஆடி மாதம் அதே சந்தில் நடந்த பெண்கள் குழுக் கூட்டம் ஒன்றுக்கு லலிதாம்பாள் போயிருந்தாள். முனீஸ்வரி வீட்டுக்குப் பக்கத்து வீடு. வீட்டுக்காரி, மகன் வெளிநாட்டில் இருக்கும் வசதியான அம்மாள். உட்காரச் சொல்லி ஒரு பச்சை நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஸ்டாண்ட் ஃபேனைத் திருப்பி வைத்தாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோன லலிதாம்பாள் அப்படியே நிறுத்தினாள். டம்ளரில் 'ரெங்கம்மாள்' என்று இருந்தது.

"உங்க பேரு..."

"ரெங்கம்மா. ஏன், அன்னைக்கும் இதுலதான குடிச்சீக?" அந்த அம்மாள் சிரித்தாள். "நீங்க வாரீகன்னதும் முனீஸ்வரி பட்டபாடு இருக்கே! நாக்காலி, ஃபேனு, டம்ளரு அம்புட்டும் எங்க வீட்டுதுதான். புள்ள போட்டிருந்த தோடு எம்மருமகளுது. 'நம்ம வீடு தேடி ஒருத்தர் வாராக, வெறுந்தரையிலயா உக்கார வைக்கிறது'ன்னு கேட்டா. நாஞ் சொன்னேன், ஏண்டி, கஷ்டத்தைச் சொன்னாத்தான கெடைக்கும்னு. 'வீட்டுக்கு வந்தவுகள ஒக்கார வச்சு ஒப்பாரி வைக்கச் சொல்றியா'ன்னுட்டா."

லலிதாம்பாள் டம்ளரைக் கீழே வைத்தாள். வாடிப்பட்டிக்காரன் வருகிறவளை ஏய்க்க இருப்பதை ஒளித்தான். இவள் வருகிறவளை மதித்து இல்லாததை இரவல் வாங்கி வைத்தாள். ஆட்டுக்கொட்டில்வரை துழாவத் தெரிந்த கண்ணுக்குக் கைக்குள் இருந்த பேரைப் படித்தும் விளங்கவில்லை. கண்ணா அது, புண்ணா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இப்ப எங்க அவ?"

"வீட்டைக் காலி பண்ணிட்டு அண்ணன்கிட்டப் போயிட்டா. புள்ளைய மில்லுக்கு அனுப்பிட்டாக."

மறுநாளே லலிதாம்பாள் திருமங்கலம் வழியாகப் பேரையூருக்கு பஸ் ஏறினாள். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் முனீஸ்வரியின் அண்ணன் ஊருக்குப் போய் விசாரித்தாள். மருதுவின் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு சாய்ப்பைக் காட்டினார்கள். முனீஸ்வரி இளைத்திருந்தாள். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அக்கா! இந்த வெயில்லயா வந்தீக? இந்தா, ஒரு நிமிசம், வந்துர்றேன்."

"முனீஸ்வரி, நில்லு. எங்கயும் போகாத. நான் கீழயே உக்காந்துக்கறேன்..."

சொல்லி முடிப்பதற்குள் அவள் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கையில் நாற்காலியும் மறு கையில் டம்ளருமாக முனீஸ்வரி திரும்பி வந்தாள். பின்னால் பக்கத்து வீட்டுப் பெண் கலர் பாட்டிலோடு வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்," என்றாள் லலிதாம்பாள். "அந்தக் கிரைண்டர் உனக்குத்தான் வந்திருக்கணும்."

"அட, விடுங்கக்கா. யாருக்கோ ஒதவியிருக்குல்ல."

"இப்ப வாங்கித் தாரோம். நீ செல்லூருக்கு வந்துரு. திவ்யாவ நானே கூட்டிட்டுப் போய் ஸ்கூல்ல சேக்குறேன்."

முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் கேட்டுப் பாத்துட்டேங்க்கா. அவ வரமாட்டேன்றா. கூடப் படிச்சதெல்லாம் மேல போயிருச்சு, இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயி உக்காரன்னு கேக்குறா. அவ அங்கன கெடக்கையில நான் மட்டும் செல்லூருல யாருக்கு மாவரைக்க?"

"புள்ள எப்படி இருக்கா?" என்று கேட்டாள் லலிதாம்பாள்.

"நல்லாத்தேன் இருக்கா. போன்ல பேசுறப்பத்தான் இருமிக்கிட்டே இருக்கா. பஞ்சுத் தூசியாம், போகப் போகப் பழகிரும்னு சொல்றாக." முனீஸ்வரி சட்டென்று நிமிர்ந்து, வந்தவளிடம் என்ன பேச்சு இது என்பதுபோல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மத்தபடி உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லக்கா. கலரக் குடிங்க, சூடாயிரப் போகுது."

லலிதாம்பாள் டம்ளரைக் கையில் எடுத்தாள். இந்தத் தடவை பேரைப் படித்துவிட்டுத்தான் குடித்தாள்.