நிலபாவாடைக்கு ஓரமாக

"இரவும் தின்னல்ல, காலையிலயும் தின்னல்ல. காத்தைக் குடிச்சுக்கொண்டா புள்ள ஓடுறாய்?"

கோணாமலை மகள் நிருஷாவைக் கேட்டார். வெளுத்துக் காயவைத்த நீளமான வெள்ளைச் சீலையின் ஒரு முனையை அவள் பிடித்திருந்தாள். மறுமுனை தகப்பன் கையில் இருந்தது. காற்றே இல்லாத நேரத்தில் சீலை நடுங்குவதைக் கண்டுதான் அவர் சாப்பாட்டுப் பேச்சை எடுத்தார்.

அந்தச் சீலையைப் பத்து மணிக்குச் சந்தியிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் தெருவில் விரிக்க வேண்டும். மதிப்புக்குரியவர்கள் ஊருக்குள் வரும்போது அவர்கள் கால் மண்ணில் படாமல் நிலபாவாடை விரிப்பது வழமை. விரிப்பது துணி வெளுக்கும் கட்டாடியாரின் கடமை. கோணாமலை கட்டாடியார். எத்தனையோ பேருடைய காலுக்குக் குனிந்து விரித்தவர், இன்றைக்குக் குனிவதில் மட்டும் ஒரு சந்தோசத்தை வைத்திருந்தார். மாகாணப் போட்டியில் நானூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த நிருஷாவுக்கும், உயரம் பாய்தலில் மூன்றாவதாக வந்த தனுஷியாவுக்கும்தான் வரவேற்பு. நாட்டில் சண்டை ஓய்ந்த பிறகு ஊர் கூடிச் செய்கிற முதல் கொண்டாட்டம். மகள் நடக்கத் தகப்பன் விரிப்பதை விட வேறென்ன பேறு வேண்டும் என்று நினைத்திருந்தார். பாவம், ஊரைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் ஒரு நாளைக்கு மறக்கப் பார்த்தார் மனுசன்.

மகளுடைய நிலைதான் அந்தச் சந்தோசத்தைக் கெடுத்தது. படுத்தால் அவளுக்குத் தூக்கமில்லை. கண் அயர்ந்தால் அலறிக்கொண்டு எழும்புகிறாள். பூசாரி நூல் கட்டிப் பார்த்தார். குமர்ப்பிள்ளை அரைக்காற்சட்டையோடு மைதானத்தில் ஓடினால் பேய் பிடிக்காமல் என்ன செய்யும் என்று கிணற்றடிப் பெண்கள் நியாயம் பிளந்தார்கள். சுனாமி முகாமில் பழக்கமான தாதி றஸீனா ஒருத்திதான் வேறு மாதிரிச் சொன்னாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல அண்ணன். புள்ளைர மனசு காயப்பட்டிரிக்கு. வியாழக்கிழமை டவுண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாங்க, அதுக்கெண்டு டொக்டர் வாறார். நானும் நிப்பன்."

இன்றைக்கு வியாழக்கிழமை. வரவேற்பு முடியட்டும், அடுத்த கிழமை பார்க்கலாம் என்று கோணாமலை தள்ளிப் போட்டிருந்தார். உண்மையில் அவருக்குப் பயம். பைத்திய டொக்டரிடம் போனவள் என்று பேர் எடுத்த குமரை நாளைக்கு எவன் கட்டுவான்?

வளவு வாசலில், கடப்படியில் செருமல் கேட்டது. கோயில் வண்ணக்கர் சாமித்தம்பிப் போடியார் நின்றார். தனுஷியாவின் தகப்பன், கோயில் நிருவாகமும் வட்டை வயல்களும் அவர் கையில்தான். கட்டாடி வளவுக்குள் அவர் கால் வைப்பதில்லை. வெளியில் நின்றே பேசுவார்.

"கோணாமலை, சீலை றெடியா?"

"ஓம் போடியார்."

"ஒரு விசயம். உன்ர மகள் சீலையில ஏறப்படா. ஓரத்தால நடந்து வரட்டும். மாலை ரெண்டு பேருக்கும் போடுறம், அதில குறை வெக்க மாட்டம்."

"முதலாவதா வந்தது என்ர மகள் போடியார்."

"ஆரு இல்லெண்டது? ஓட்டம் வேற, வழமை வேற. கட்டாடிர புள்ள மிதிச்ச சீலைய மறுகா சாமிக்கு விரிக்க ஏலுமா?"

அந்தச் சீலையைக் கசக்கிப் பிழிந்து வெளுத்தவளே நிருஷாதான். கைபட்டால் சுத்தம், கால்பட்டால் தீட்டு என்பது எந்தச் சாமி சொன்ன சட்டமோ தெரியவில்லை. கோணாமலை தலையைக் குனிந்துகொண்டார். பழகிய தலை.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. விளையாட்டுப் பயிற்சி கொடுக்கும் சார்ள்ஸ் சேர். டவுணிலிருந்து வருகிற பறங்கி மனுசன். இந்த வளவுக்குள் வந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கிற ஒரே வாத்தியார். போடியார் அதையே அவருக்கும் சொல்லக் கேட்டதும் அவருடைய முகம் சிவந்தது. ஆனால் கோபத்தை அவர் நெடுநேரம் வைத்திருக்கவில்லை. அவர் மனம் முழுக்கக் கொழும்புப் போட்டியில் இருந்தது.

"விடு மகள். ஓரத்தால நடந்தா கால் தேயுமா? கொழும்புல வெண்டு வந்தா இவங்கட வாயெல்லாம் அடங்கும்." பிறகு போடியார் பக்கம் திரும்பினார். "இவள் ஆரெண்டு நினைச்சீங்க? சுனாமியையே முந்தினவள்! கடைசி வளைவுல நிண்டு 'கடல் வருது, ஓடு!' எண்டு நான் ஒரு சத்தம் வெச்சாக் காணும், பறப்பாள்."

நிருஷாவின் கையிலிருந்த சீலை முனை மண்ணில் விழுந்தது.

"நான் முந்தல்ல சேர்."

அவள் குரல் மெல்ல வந்தது.

"நீங்க கத்தக்குள்ள எனக்கு முடிவுக்கோடு தெரியிறல்ல. தம்பிர கைதான் தெரியிது. அவனையும் இழுத்துக்கொண்டு ஓட ஒண்ணாமப் போச்சு சேர். கையை விட்டுட்டுத்தான் ஓடினன். ஒவ்வொரு போட்டியிலயும் அவனைத் திருப்பித் திருப்பி விட்டுட்டு வாறன். அதுக்கு நீங்க மெடல் போடுறீங்க."

சார்ள்ஸ் சேர் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "நல்லதுக்குத்தானே மகள் நான்..." என்றார். கெட்ட மனுசனில்லை. பிள்ளையின் புண்ணைக் கண்டுபிடித்து, அதிலேயே சாட்டையை வைத்தது அவருக்கு இப்போதுதான் விளங்கியது.

கடல் வந்த அன்று கோணாமலை வாவிக்கு அக்கரையில் உடுப்புக் கொடுக்கப் போயிருந்தார். மனைவி இரத்தினம்மாவும் மகனும் கிடைக்கவில்லை. முகாமில் விசாரித்தவர்களுக்கெல்லாம், "என்ர மகள் கெட்டிக்காரி, ஓடித் தப்பிட்டாள்" என்று சொல்லிச் சொல்லித்தான் அவர் ஆறினார். பக்கத்தில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த சிறுமியின் முகத்தை அவர் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் புகழை முதலில் அவள் தலையில் கட்டியவர் பெற்ற தகப்பன்தான்.

போடியாருக்குப் பொறுமை போய்விட்டது.

"சுனாமி ஊருக்கெல்லாம் வந்ததுதானே! மனவருத்தம் கினவருத்தம் எல்லாம் பெரிய இடத்துல வாறது. கட்டாடிப் புள்ளைக்கு என்ன மனசு வேண்டிக் கிடக்கு? கெதியா சீலைய எடுத்துக்கொண்டு வா."

கோணாமலை விழுந்த முனையை எடுத்துத் தட்டினார். ஒழுங்காக மடித்தார். தொழிலில் அவர் ஒருநாளும் குறை வைத்தவரில்லை. மடித்த சீலையைக் கொண்டுபோய்க் கடப்பில், போடியாரின் கைக்கு எட்டுகிற இடத்தில் போட்டார்.

"சீலை வெளுத்திரிக்கு போடியார். குனியிறதுக்கு இண்டைக்கு வேற ஆளைப் பாருங்க. நான் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"என்ன சொன்னாய்? நாளைக்கு இந்த ஊர்ல எப்பிடி இரிப்பாய் எண்டு பாப்பம்!"

"பாப்பம் போடியார்."

சொல்லிவிட்டாரே தவிர, பஸ் ஏறும் வரைக்கும் அவர் ஊரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாளைக்கு ஒரு வீட்டிலும் அழுக்குத் துணி கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். மகள் யன்னலோரம் இருந்தாள். பாலத்தைக் கடக்கும்போது வாவித் தண்ணீரைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா, தம்பிய விட்டதுக்கு என்னில கோவமா?"

"உன்னட்டக் கேக்காம விட்டதுக்கு என்னிலதான் கோவம் மகள்."

ஆஸ்பத்திரியில் றஸீனா சொன்னபடி வாசலிலேயே நின்றாள். வாங்கில் இடம் ஒதுக்கி இருவரையும் இருத்தினாள். நிருஷா தகப்பனின் தோளில் சாய்ந்தாள். பேர் பதிய வந்த றஸீனா, "வருத்தம் மகளுக்குத்தானே அண்ணன்?" என்று வழமைக்குக் கேட்டாள்.

கோணாமலை தோளில் சாய்ந்திருந்த மகளைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"அவளுக்கு ஓடி ஓடி வந்த வருத்தம் மிஸி. எனக்குக் குனிஞ்சு குனிஞ்சு வந்திரிக்கு. ரெண்டு பேரையும் எழுதுங்க."