கழற்றியதும் மாட்டியதும்

கியர்பாக்ஸ் போனதற்கு அவள் கால்தான் காரணம் என்று கணவன் ஃபோனில் மூன்றாவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆட்டோமேட்டிக் வண்டி, மச்சான். மிதிக்கிறதுல ஒரு பக்குவம் வேணும். உங்க தங்கச்சி பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒண்ணா மிதிக்கிறா. எந்த கியர்பாக்ஸ் தாங்கும், நீங்களே சொல்லுங்க?"

மறுமுனையில் இருந்தது அவளுடைய சொந்த அண்ணன். அவன் சிரித்தது சமையலறைவரை கேட்டது. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லார் வீட்டிலும் குழாயை வலப்பக்கம் திருப்பினால் மூடும். இந்த வீட்டில் இடப்பக்கம். கணவன் மாற்றிய குழாய்.

அவனுக்கு ஒரு பல்பொருள் கடையில் கணக்குப் பார்க்கும் வேலை. வாரத்தில் ஆறு நாள் கணக்குப் பார்ப்பான். ஏழாம் நாள் வீட்டில் எதையாவது கழற்றுவான். "இதுக்குப் போய் ஒருத்தன்கிட்ட கொடுத்து அழணுமா? நாமே பண்ணிக்கலாம்." துணி துவைக்கும் இயந்திரம் சுற்ற ஆரம்பித்தால் யாராவது அதன்மேல் உட்கார வேண்டும். வாசல் மணியை அழுத்தினால் கூடத்து விளக்கு எரியும். மாமியாருக்கு இதிலெல்லாம் குறை தெரியாது. என் பிள்ளை கைராசிக்காரன் என்பாள். விளக்குதான் எரிகிறதே.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய காரின் முறை வந்தது.

அவள் அறுவை சிகிச்சைக் கூடத்தில் நர்ஸ். பேருந்து ஓடத் தொடங்கும் முன்பே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கார் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய வண்டியாகப் பார்த்து, அவளே ஓட்டிப் பார்த்து வாங்கியது. சனிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்து தூங்கி எழுந்து பார்த்தால், காருக்கு அடியிலிருந்து கணவனின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்ன பண்றீங்க?"

"கியர் ஆயில் மாத்தறேன். ஃபில்டரும் புதுசு."

"வண்டி நல்லாத்தானே ஓடிட்டிருக்கு?"

"நல்லா ஓடறப்பவே பண்ணணும். அதுக்குப் பேர்தான் மெயின்டனன்ஸ்."

திங்கட்கிழமை விடியற்காலை, மேம்பாலத்து ஏற்றத்தில், அவள் மிதிக்க மிதிக்க இன்ஜின் கத்தியது. வண்டி ஏறவில்லை. பின்னால் ஒரு லாரி. லாரிக்குப் பின்னால் ஊர் முழுக்க. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, வண்டியா தள்ளுவண்டியா?" என்றார். ஆஸ்பத்திரியில் அவள் இல்லாமல் அறுவை தொடங்கியது. தலைமை நர்ஸ் ஃபோனில், "வண்டியா? சரி, சரி" என்றாள். அந்த 'சரி' சரியாக இல்லை.

பழுதான வண்டிகளை இழுத்துப்போகும் 'கயிறு' என்பவன்தான் வந்து காரை வீட்டில் சேர்த்தான். கணவனின் நண்பன். ஒரு காலத்தில் வெறும் கயிறு கட்டி இழுத்தவன். இப்போது லாரி வைத்திருக்கிறான். பெயர் மட்டும் மாறவில்லை. கணவன் பானெட்டைத் திறந்தான். கொஞ்ச நேரம் உள்ளே முறைத்தான். மூடினான்.

"கியர்பாக்ஸ் அவுட்."

"பழைய வண்டிதானே," என்றான் கயிறு. "பார்ட்ஸுக்கு நான் எடுத்துக்கறேன். நாளைக்குக் காலையில லாரியோட வர்றேன்."

கணவன் தலையாட்டினான். அவளை யாரும் கேட்கவில்லை. அவள் அங்கேயே, சீருடையில் நின்றிருந்தாள்.

இப்போது அதே திங்கட்கிழமை மாலை. அவள் குழாயை மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லணும்?"

"எதை?"

"என் காலைப் பத்தி."

மாமியார் இடையில் புகுந்தாள். "விடும்மா. கால் யாருக்குத்தான் தவறாது?"

"இத்தனை வருஷமா இதே கால்தான் அத்தை. இவர் அடியில போய் வர்ற வரைக்கும் தவறலை."

"பார்த்தியாம்மா?" என்றான் கணவன். "நல்லது செஞ்சவன் தலையிலேயே கல். உள்ளே தேய்ஞ்சுக்கிட்டே வந்திருக்கும். ஒரு நாள் போயிடும். அது அப்படித்தான்."

அவள் கீழே இறங்கினாள். கோபத்தில் படி ஒன்று தவறியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஷெட்டில் வண்டியைக் கிளப்பினாள். பிரேக்கை மிதித்தபடி கியரில் போட்டாள். ஒரு முனகல் கேட்டது. காலையில் ஹாரன் சத்தத்தில் அதைக் கவனிக்கவில்லை. இப்போது கேட்டாள்.

தெரிந்த சத்தம். அறுவையின்போது வயிற்றில் கசிவதை உறிஞ்சி எடுக்க ஒரு குழாய் உண்டு. அதன் இணைப்பு எங்காவது தளர்ந்தால், திரவத்தை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கும். அப்போது இப்படித்தான் முனகும். டாக்டர் கத்துவதற்குள் அவள் இணைப்பைக் கண்டுபிடித்து அழுத்துவாள்.

இன்ஜினை அணைத்தாள். ஷெட்டு மூலையில் இருந்த குப்பை வாளியைக் கவிழ்த்தாள். செய்தித்தாளில் சுற்றிய பழைய ஃபில்டர் இருந்தது. தட்டையான கறுப்பு டப்பா. மேலே குட்டையாக ஒரு கழுத்து. புது ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியும் கிடந்தது. பெட்டியில் இருந்த படத்தில் கழுத்தைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். பழையதன் கழுத்தில் வளையம் உட்காரும் பள்ளம் மட்டும் இருந்தது.

தாளை விரித்து உதறினாள். வாளியின் அடியைத் தடவினாள். தரையைப் பெருக்கினாள். வளையம் இல்லை.

வயிற்றை மூடுமுன் அவர்கள் எண்ணுவார்கள். உள்ளே போன துணி, ஊசி, கத்தரி எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் தைக்கக் கூடாது. எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒருமுறை அவளே தப்பாக எண்ணி நிறுத்திவிட்டாள். டாக்டர் திட்டினார். ஆனால் நின்றார்.

"கொஞ்சம் கீழே வாங்க!"

அவன் வந்தான்.

"பழைய ரிங் எங்கே?"

"எந்த ரிங்?"

"ஃபில்டர் கழுத்துல இருந்தது."

"ஃபில்டரோட வந்திருக்கும்."

"வரலை. அப்போ மேலே, ஓட்டைக்குள்ளேயே ஒட்டிட்டிருக்கு. அதை எடுக்காம புதுசை அதோட ரிங்கையும் சேர்த்து உள்ளே குத்தியிருக்கீங்க. ஒழுங்கா உட்காரலை. காத்து இழுக்குது."

அவன் சிரித்தான். "இது ஆபரேஷன் தியேட்டர் இல்லைம்மா. நான் மூணு வீடியோ பார்த்துட்டுத்தான் கையே வச்சேன்."

"மூணுலயும் ரிங்கைப் பத்திச் சொல்லலையா?"

"ஒண்ணு வேற பாஷை."

அவள் அவனையே பார்த்தாள்.

"போன கியர்பாக்ஸைத் திரும்பப் பிரிக்க என்னால ஆகாது," என்றான் அவன்.

"உங்களை யாரு பிரிக்கச் சொன்னா?"

மறுநாள் காலையில் அவள் வேலைக்கு விடுப்புச் சொன்னாள். கணவனும் கடைக்குப் போகவில்லை. கயிறு வரும்போது தான் இருக்க வேண்டும் என்றான். ஜாக்கி வைத்துத் தூக்குவதை மட்டும் அவனிடம் விட்டாள். அடியில் கொடுத்த இரும்புத் தாங்கிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். பெரிய பிளாஸ்டிக் தொட்டியைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவித் துடைத்தாள். வெளுத்த துணி ஒன்றைத் தரையில் விரித்து, ஸ்பேனர்களை வரிசையாக வைத்தாள்.

"கறை ஆயிடும்," என்றான் அவன். "அது நல்ல துணி."

அவள் முதுகுக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தாள்.

ஆயில் கருகாமல் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. நுரை மட்டும் கட்டியிருந்தது. வடியவிட்டு, அடித்தட்டின் போல்ட்டுகளில் கை வைத்தாள். ஒன்றும் அசையவில்லை. யார்மேலோ இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் போட்டு முறுக்கியதுபோல் இருந்தது. அன்று அவனுக்கு ஆத்திரம் எதுவும் இல்லை. அவன் முறுக்கே அப்படித்தான். ஸ்பேனரின் முனையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கழன்று வந்ததை அது இருந்த வரிசையிலேயே துணியில் வைக்கச் சொல்லி அவனிடம் நீட்டினாள்.

"எல்லாம் ஒரே சைஸ்தான். வரிசை எதுக்கு?"

"வைங்க."

தட்டு இறங்கியது. மிச்சமிருந்த ஆயில் அவள் நெற்றியில் சொட்டி முடிக்குள் ஓடியது. ஃபில்டர் கோணலாகத் தொங்கியது. பிடித்து இழுக்க வேண்டியிருக்கவில்லை. தொட்டதும் கையோடு வந்தது.

"டார்ச்சை மேலே காட்டுங்க."

ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டாள். விளிம்பு வழவழப்பாக இருந்தது, இரும்புபோலவே இருந்தது. நகத்தால் அழுத்தினாள். இரும்பு அமுங்காது. இது அமுங்கியது. முனை மழுங்கிய கொக்கி ஒன்றை நுழைத்து, சுவரில் கீறல் விழாமல் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். கறுப்பாக, தடித்து, உள்ளங்கையில் வந்து விழுந்தது.

கையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"கொடு, பார்க்கலாம்," என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அதே சமயம் வாசலில் லாரி வந்து நின்றது. அடியில் படுத்திருந்த அவளுக்குக் கணவனின் இடுப்புவரைதான் தெரிந்தது. வளையத்தைப் பிடித்திருந்த கை பேன்ட் பைக்குள் போவது தெரிந்தது. வெறுங்கையாக வெளியே வருவதும் தெரிந்தது.

கயிறு உள்ளே வந்தான். "என்ன தங்கச்சி, நான் வர்றதுக்குள்ள பிரிச்சு மேஞ்சிட்டே?"

"சும்மா ஒரு செக்கிங்," என்றான் கணவன். "எனக்கு ராத்திரியே ஒரு சந்தேகம். லேசா ஏர் இழுக்குது. ஃபில்டரைச் சரியா உட்கார வச்சா போதும். உனக்குத்தான் வீண் அலைச்சல்."

சத்தம் கேட்டு மாமியார் மாடிப்படியில் வந்து நின்றாள். "நான் சொல்லலை? அவன் கை வச்சா சரியாயிடும்."

அவள் அடியிலிருந்து வெளியே நகர்ந்தாள். எழுந்து நின்றாள். முகத்தில் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. கயிறு ஓர் அடி பின்னால் போனான்.

"பையில இருக்கறதை எடுங்க."

"எது?"

"எடுங்க."

"அப்புறம் பேசிக்கலாம். ஆள் நிக்கறாரு இல்ல?"

"ஆள் நிக்கறதாலதான் கேக்கறேன்."

அவன் எடுக்கவில்லை. அவள் நகரவும் இல்லை. மாமியார், "அய்யோ, அது என்ன ரத்தமா?" என்றாள். கடைசியில் அவன் பைக்குள் கையை விட்டு, வளையத்தை எடுத்து, துணியில் போல்ட்டுகளின் பக்கத்தில் போட்டான்.

கயிறுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இருபது வருடம் வண்டி இழுத்தவன். குனிந்து எடுத்துப் பார்த்தான். "டேய், பழசை எடுக்காமலா புதுசை மாட்டினே?" என்றான். சிரிக்கத் தொடங்கினான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"யாருக்கும் நடக்கறதுதான்," என்றான் கணவன்.

"அப்போ தங்கச்சியோட கால்னு சொன்னியே?"

கணவன் லாரியைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான்.

"கால் இல்லை," என்றான். "நான்தான்."

"அத்தைக்குக் கேட்டிருக்காது," என்றாள் அவள்.

"என்ன விளையாடறியா?"

"படியில நிக்கறாங்க. அவ்வளவு தூரம் கேக்காது."

அவன் காது சிவந்தது. "நான்தான் விட்டுட்டேன்! போதுமா?"

"எங்க அண்ணனுக்கு?"

"அதை அப்புறம்..."

"அவருக்கு மட்டும் ஏன் அப்புறம்? என் காலைப் பத்தின்னா அன்னைக்கே சொன்னீங்க."

அவள் திரும்ப அடியில் நுழைந்தாள். ஃபோன் பேசுகிறானா இல்லையா என்று பார்க்கவில்லை. ஓட்டையைத் துணியால் துடைத்தாள். புது ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி, நேராகப் பிடித்து அழுத்தினாள். 'டப்' என்று உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

மேலே அவன் குரல் கேட்டது. "மச்சான், நான்தான். இல்லை, வண்டி விஷயம். இல்லை, அவ இல்லை..." இந்த முறை மறுமுனையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. காதுக்குள் ஆயில்.

தட்டைத் தூக்கி, போல்ட்டுகளை விரலாலேயே ஏற்றினாள். ஸ்பேனரை எடுத்தபோது கை நடுங்கியது. கேட்க நினைத்ததைக் கேட்டாகிவிட்டது. ஆனாலும் கோபம் அப்படியே இருந்தது. அந்தக் கையால் முறுக்கினால் மரை போய்விடும். மெல்லிய தட்டு, சின்ன போல்ட். மணிக்கட்டால் இறுக்கினால் போதும். தோளால் இறுக்கக் கூடாது. ஸ்பேனரை மார்பில் வைத்துக்கொண்டு, கை அடங்கும்வரை மல்லாந்து கிடந்தாள்.

கணவன் குனிந்து பார்த்தான். "நான் வேணும்னா டைட் பண்ணட்டுமா?"

"டார்ச்சைப் பிடிங்க. பேசாதீங்க."

பிடித்தான். பேசவில்லை. அவள் எதிரெதிராக, மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் மெல்ல இறுக்கினாள். தொட்டியில் பிடித்த ஆயிலைத் துணியில் வடிகட்டி, புனல் வைத்துத் திரும்ப ஊற்றினாள். போதாத அளவுக்குப் புது டப்பாவிலிருந்து சேர்த்தாள். வண்டியை இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு, சூடானதும் அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில். கியரில் போட்டாள். முனகல் இல்லை.

"நான் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கறேன்," என்று அவன் கதவில் கை வைத்தான்.

அவள் கண்ணாடியை ஏற்றினாள்.

ரிவர்ஸில் போட்டதும் கார் உடனே பிடித்து அசைந்தது. வாசலை அடைத்துக்கொண்டு கயிறின் லாரி நின்றது. அவள் ஹாரனை அழுத்தினாள். கயிறு ஓடிப்போய் ஏறி, லாரியைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டான். முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல், அவள் மேம்பாலத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.