மரகதத்தின் நாக்கு

சுனாமி வந்து பதினெட்டாம் நாள், பெங்களூர் ராஜாஜிநகரில் ருக்மிணியின் வீட்டு வாசலில் நோரா வந்து நின்றாள். எதிர் வரிசை வீட்டுக்காரி. தொழிற்சாலை ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கூடவே உயரமாக, ஒடிசலாக ஒரு மனிதர். அவர் கையில் ஒரு லிட்டர் குளிர்பான பாட்டில், அதற்குள் கலங்கிய தண்ணீர்.

அவர் பெயர் அசோகன் என்றும், பொம்மசந்திராவில் முப்பத்திரண்டு வருடம் லேத் மெஷின் ஓட்டியவர் என்றும் நோரா சொன்னாள். சொந்த ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே செம்மணல்துறை என்ற மீனவக் குப்பம். அலை வந்த மறுநாளே ஊருக்குப் போனவர், அன்று காலையில்தான் திரும்பியிருந்தார். மறுபடி போகப் போகிறார், நோராவும் உடன் போகிறாள். அதற்கு முன் இந்தத் தண்ணீரை ருக்மிணி பார்க்க வேண்டும்.

ருக்மிணி குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. ஆய்வுக்கூடத்துக்காரர்களுக்கு வெள்ளி நைட்ரேட் பட்டு விரல் நுனிகள் கறுத்தே இருக்கும். அவளுக்கு அந்தக் கறுப்பு மறைந்து விரல்கள் வெளுத்ததை அவள் கணவர் வெங்கடராமன் அவ்வப்போது சொல்லிச் சிரிப்பார்.

பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். என்ன கிணறு என்று கேட்டாள்.

"ஊர்க் கிணறு மேடம். எங்க எல்லாருக்கும் அது ஒண்ணுதான் குடிதண்ணி. நிவாரணத்துக்கு வந்தவங்க மோட்டார் போட்டு ஏழு தடவை இறைச்சாச்சு. இறைக்க இறைக்க உப்பு ஏறுது. ஏன்னு யாருக்கும் தெரியலை."

ருக்மிணிக்கும் தெரியவில்லை. கருங்கல்லுக்குள் எழுநூறு அடி துளை போட்டு எடுக்கும் தண்ணீரைத்தான் வாழ்நாள் முழுக்கச் சோதித்திருக்கிறாள். கடலை மொத்தமாக நாலு தடவை பார்த்திருப்பாள். ஆனால் அன்று மாலையே பழைய சகாக்களுக்குப் போன் செய்தாள், புத்தகங்களைக் கீழே இறக்கினாள், மூன்றாம் நாள் அவர்கள் இருவரோடும் வேளாங்கண்ணி பஸ்ஸில் ஏறினாள்.

செம்மணல்துறையில் வீடுகள் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரைகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. நோரா ஒரு கூடாரத்தில் புகுந்து காயங்களுக்குக் கட்டுப்போட உட்கார்ந்துவிட்டாள். ருக்மிணி கிணற்றடியில் இருந்தாள். மூன்று நாளும் இறைப்புக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எடுத்துச் சோதித்தாள். உப்பில் இருக்கும் குளோரைடு முதலில் லிட்டருக்கு இரண்டாயிரத்து அறுநூறு மில்லிகிராம். அடுத்து மூவாயிரத்து நூறு. மூன்றாவது நாள் மூவாயிரத்து ஐநூறு. குடிக்கிற தண்ணீரில் ஆயிரத்துக்கு மேல் இருக்கவே கூடாத எண் அது.

அப்போதுதான் புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே விளங்கியது. அந்த மணலுக்கு அடியில் இருப்பது கடல். அதன் மேல் மழைத் தண்ணீர் மெல்லிய ஏடாக மிதக்கிறது. அந்த ஏட்டைத்தான் ஊர் தலைமுறை தலைமுறையாக வாளியால் மொண்டு குடித்திருக்கிறது. அலை கொட்டிய உப்பைப் போக்குவதாக நினைத்து மோட்டார் போட்டவர்கள் அந்த ஏட்டையே உறிஞ்சிவிட, கீழேயிருந்து கடல் மேலே ஏறுகிறது.

இறைப்பதை நிறுத்துங்கள், மழைக்காலம் வரை கிணற்றைச் சும்மா விடுங்கள் என்று அவள் சொன்னபோது ஊர்த் தலைவர் சுந்தரமூர்த்திக்குக் கோபம் வந்தது. அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தக் கிணற்றுக்குள் அலை எதையெல்லாம் கொண்டுபோய்ப் போட்டது என்பது அவருக்குத்தான் தெரியும். அதைக் கழுவாமல் பத்து மாதம் விட வேண்டும் என்று பெங்களூரிலிருந்து ஒரு அம்மாள் வந்து சொல்கிறாள்.

ருக்மிணி ஒரு கண்ணாடி டம்ளர் கேட்டாள். பாதி டம்ளர் கடல் தண்ணீரில் மஞ்சள் தூளைக் கரைத்தாள். அதன் மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகு வழியாக மெல்ல வழியவிட்டாள். மஞ்சள் அடியில் நிற்க, மேலே தெளிவான தண்ணீர் மிதந்தது. இளநீர் குடிக்கும் குழலை மேலாக விட்டு மெதுவாக உறிஞ்சினாள், தெளிவாக வந்தது. வேகமாக உறிஞ்சினாள். மஞ்சள் கூம்பாக எழும்பிக் குழலுக்குள் ஏறியது.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் முன்னே வந்து டம்ளரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மரகதம், தன் அக்கா மகள் என்று அசோகன் மெல்லச் சொன்னார். புருஷனையும் மகளையும் அலைக்குக் கொடுத்தவள்.

"மோட்டாரை எடுத்துடுங்க. கையால மேலாப்புல மொண்டு, குளிக்கிறதுக்கு மட்டும் வச்சுக்கலாம். குடிக்க லாரித் தண்ணி வருதுல்ல" என்றாள் அவள் தலைவரைப் பார்த்து. பிறகு ருக்மிணியிடம், "உப்பு கொறையுதா ஏறுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

வாரம் ஒரு பாட்டில் அனுப்பினால் போதும் என்றாள் ருக்மிணி.

அப்படித்தான் அந்த வருடம் தொடங்கியது. நோரா செம்மணல்துறையிலேயே தங்கிவிட்டாள். மாதம் ஒருமுறை பெங்களூர் வந்து துணி மாற்றிக்கொண்டு போவாள். வியாழக்கிழமை மரகதம் பாட்டிலைப் பஸ் டிரைவரிடம் கொடுப்பாள். வெள்ளி விடியலில் அசோகன் பெங்களூரில் பஸ் வந்து நிற்கும் மடிவாளாவில் காத்திருந்து வாங்கி, இரண்டு பஸ் மாறி ராஜாஜிநகர் வருவார். ருக்மிணியின் சமையலறையில் மசாலா டப்பாக்கள் இருந்த அலமாரியை வெங்கடராமன் காலி செய்து கொடுத்திருந்தார். அங்கே கண்ணாடிக் குழாயும் குடுவையும் பழுப்பு நிற மருந்து பாட்டிலும் ஏறின. மருந்து கலந்து மஞ்சளாக இருக்கும் தண்ணீரில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அது செங்கல் நிறத்துக்குத் திரும்பும் கணத்தில் நிறுத்தி, எத்தனை விட்டோம் என்று பார்த்து உப்பைக் கணக்கிட வேண்டும். அவள் விரல்கள் மறுபடி கறுத்தன.

பாட்டிலின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். அதில் தேதி இருக்கும். கூடவே மரகதம் எதையாவது எழுதியிருப்பாள். முதல் சில வாரம் ருக்மிணி அதைக் கவனிக்கவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் அசோகன் காப்பி குடித்துக்கொண்டே, அது என்ன எழுதியிருக்கு மேடம், என்று கேட்டபோதுதான் படித்தாள். 'குடத்துக்கு மூணு சிறங்கை. கொஞ்சம் கம்மி.'

ஒரு குடம் தண்ணீரில் எத்தனை உள்ளங்கை உப்பு என்ற கணக்கு அது. அவள் அப்போதுதான் தன் கணக்கைப் போட்டு முடித்திருந்தாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

குப்பையில் போடாமல் வைத்திருந்த பழைய பாட்டில்களை எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். மூன்றரைச் சிறங்கை என்று எழுதிய வாரத்தில் அவள் நோட்டில் மூவாயிரத்து நானூற்றைம்பது. மூன்றே கால் என்ற வாரத்தில் மூவாயிரத்து இருநூறு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அசோகன், இவ எப்படி அளக்கறா?"

அசோகன் யோசித்தார். "நாக்குல வச்சுப் பார்ப்பா மேடம். கருவாடு போடுறவ. தொட்டியில உப்புத் தண்ணி கலக்குறப்போ அவ சொன்னாத்தான் மீனை உள்ள இறக்குவாங்க. உப்பு கூடினா மீன் வெடிக்கும், கொறைஞ்சா அழுகும். பதினாலு வயசுலேர்ந்து அதுதான் வேலை."

காய்ச்சி ஆறவைக்காமல் ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்கக் கூடாது என்று நோரா கண்டித்துச் சொல்லியிருந்தாளாம். மரகதமும் அதன்படியே செய்கிறாளாம்.

ருக்மிணி அந்த பாட்டில்களின் முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெங்கடராமன் வந்து சமையலுக்கு நேரமாகிறதே என்றார். அவள் பாட்டில்களையும் நோட்டையும் காட்டினாள். அவர் கருவூல அதிகாரியாக இருந்தவர், எண்களை எளிதில் நம்ப மாட்டார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, சோறு நான் வைக்கிறேன் என்று எழுந்து போனார். அன்றிலிருந்து ருக்மிணி தன் சோதனையை முடிக்கும் வரை காகிதத்தைப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். முடித்துவிட்டுப் படிக்கும்போது ஒவ்வொரு வெள்ளியும் இரண்டும் ஒத்துப்போயின.

மே கடைசியில் அளவு இரண்டாயிரத்து முந்நூறுக்கு வந்தது. ஜூன் இரண்டாம் வாரம் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது, நிறம் திரும்பவேயில்லை. மூவாயிரத்துத் தொள்ளாயிரம். குடுவையைக் கழுவிவிட்டு மறுபடி செய்தாள். அதே எண். காகிதத்தைத் திருப்பினாள். 'நாலு சிறங்கை. என் நாக்கு கெட்டுப்போச்சான்னு தெரியலை. நீங்கதான் சொல்லணும்.'

நோரா வைத்திருந்த செல்போனுக்கு அழைத்து மரகதத்திடம் கொடுக்கச் சொன்னாள்.

"மரகதம், உன் நாக்குக்கு ஒண்ணும் ஆகலை. என் சோதனையிலும் அதேதான் வர்றது. கிணத்துல யாரோ மோட்டார் வச்சிருக்கா."

"சரிம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று மட்டும் சொல்லி மரகதம் போனை நோராவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நடந்ததை நோரா பிறகு சொன்னாள். புது வீடுகள் கட்டும் காண்டிராக்டர், பெண்கள் மீன் விற்கப் போகும் காலை வேளைகளில் மோட்டார் வைத்துக் கலவைக்குத் தண்ணீர் எடுத்திருக்கிறார். மறுநாளிலிருந்து நாலு நாலு பெண்களாக முறை வைத்துக் கிணற்றடியிலேயே கூடையை இறக்கி மீன் ஆய்ந்திருக்கிறார்கள். மோட்டாரைத் தூக்கி வந்தவர்கள் கிட்டே போக முடியவில்லை. வீடு வேண்டுமா, கிணறு வேண்டுமா என்று காண்டிராக்டர் தலைவரிடம் முறையிட்டார். ஜனவரியில் ருக்மிணியிடம் கோபித்துக்கொண்ட அதே சுந்தரமூர்த்தி, இரண்டும் வேண்டும், வாய்க்காலிலிருந்து லாரி வையுங்கள் என்று சொல்லிவிட்டார். சொந்தக் கூரையில்லாமல் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்த பெண்கள், தங்கள் வீடு இரண்டு மாதம் தள்ளிப்போகும் என்று தெரிந்தே கிணற்றடியை விட்டு எழவில்லை.

அக்டோபர் பாதியில் கடற்கரையில் மழை பிடித்தது. அந்த வருடம் விடாமல் கொட்டியது. இரண்டு வாரம் பாட்டில் வரவில்லை. நவம்பர் கடைசியில் வந்த பாட்டிலில் நாலைந்து சொட்டு விட்டதுமே நிறம் திரும்பிவிட்டது. ருக்மிணி பயந்துபோனாள், மருந்து கெட்டுவிட்டதோ என்று புதுப் பாட்டில் உடைத்துச் செய்தாள். இருநூற்று நாற்பது. காகிதத்தில் ஒரே வரி: 'அளக்கிறதுக்கு உப்பு இல்லை. வாங்க.'

போனாள். மரகதம் அவளைக் கிணற்றுக்குக் கூட்டிப் போகவில்லை. கடலோரம் மணல் மேட்டின் சரிவுக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்து அலை விழும் இடம் நாற்பதடி இருக்கும். மரகதம் முழங்காலிட்டுக் கையால் மணலைத் தோண்டினாள். முழங்கை ஆழம் போனதும் மணல் கறுத்தது. இன்னும் ஒரு சாண் போனதும் தண்ணீர் ஊறியது. கலங்கல் தெளியும் வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"குடிங்கம்மா. இது மணலு வடிச்சது."

ருக்மிணி அள்ளிக் குடித்தாள். இனித்தது. பக்கத்தில் அத்தனை பெரிய கடல் இரைந்துகொண்டிருந்தது. பெங்களூரில் வைட்ஃபீல்டு பக்கம் தொள்ளாயிரம் அடி போயும் வெறும் புழுதி வந்த துளைகளை அவள் பார்த்திருக்கிறாள். இங்கே ஒரு கை ஆழத்தில், எதுவும் தாங்கிப் பிடிக்காமல், மழை கடலின் மேல் படுத்திருக்கிறது. அதை எண்களாக வருடம் முழுக்க அறிந்திருந்தும், அந்த ஈரக் குழிக்கு முன்னால் அவள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மரகதமும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு முதல் முறையாகத் தன் மகளைப் பற்றிச் சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதே மாதிரி குழி தோண்டித்தான் முகம் கழுவுவாளாம். ருக்மிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்ததும், தெற்கே இருந்த இன்னொரு குப்பத்திலிருந்து ஆள் வந்தது. அவர்கள் கிணறு இன்னும் கரித்துக்கொண்டிருந்தது. அசோகன் ஒரு வேன் பிடித்தார். நோரா மருந்துப் பெட்டியோடு ஏறினாள், ருக்மிணியும் மரகதமும் கூடவே ஏறினார்கள். அந்தக் குப்பத்துப் பெரியவர்கள் நாற்காலி போட்டு வைத்துக்கொண்டு, பெங்களூரிலிருந்து வந்த நிபுணர் யார் என்று கேட்டார்கள்.

ருக்மிணி மரகதத்தைக் காட்டினாள்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கருவாட்டுக்காரியை அவர்களுக்குத் தெரியும். மரகதம் நாற்காலியில் உட்காரவில்லை. நோரா காய்ச்சி ஆற்றிக் கொடுத்த தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் வாங்கி, நாக்கில் வைத்து, கண்ணை மூடித் துப்பினாள்.

"அஞ்சேகால் சிறங்கை. தினமும் மோட்டார் போடுறீங்களா?"

பெரியவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். ருக்மிணி நோட்டைத் திறந்து, தேதி போட்டு, மரகதம் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.