மூன்றாம் நாள் வந்த பல்சக்கரம்

கதிரவன் உச்சி தாண்டி மேற்கே சாய, சரக்குக் கிடங்குகளின் தகரக் கூரைகள் தாம் பகலெல்லாம் அடைத்து வைத்திருந்த வெப்பத்தை மெல்ல மெல்லத் தெருவில் உமிழ, ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்து, வேலை முடிந்தோரும் வேலைக்குச் செல்வோரும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு கடக்கும் பிற்பகற் பொழுதில், தொடர்வண்டிப் பாதையால் இரண்டாகப் பிளவுண்டு கிடந்த அந்நகரைக் கற்றறிந்தீர் ஒருமுறை உயர நின்று நோக்க வேண்டும். பாதைக்கு இப்புறம் தாழ்நகர். பட்டறைகளும் கிடங்குகளும் ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்து நிற்கும் ஒடுங்கிய தெருக்கள். அப்புறம் மேல்நகர், மருத்துவமனையும் அலுவலகங்களும் மாடி வீடுகளும். இரண்டையும் இணைத்தது ஒரே ஒரு பாலம். நடப்போரை மூச்சிரைக்க வைத்து, மிதிவண்டியில் வருவோரை இருக்கை விட்டு எழுந்து நின்று மிதிக்க வைத்து, அதன் பின்னரே வழிவிடும் வன்னெஞ்சப் பாலம் அது. சரக்குந்துகளும் அதன் மீதுதான் ஏறின.

அப்பாலத்தின் அடியில், சுவரெங்கும் சக்கரங்கள் தொங்க, தரையெங்கும் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்த சிறு பட்டறையில் மிதிவண்டிகளைச் செப்பனிட்டு வந்தவனை ஊரார் தகட்டுக்காரன் என்றே அழைத்தனர். விரல் நீள எஃகுத் தகடு ஒன்று எந்நேரமும் அவன் சட்டைப் பையில் இருக்கும். சங்கிலியின் கண்ணிகளுக்கிடையே அதன் நுனியை வைத்தால், சங்கிலி நல்லதாயின் நுனி வெளியே நிற்கும். தேய்ந்து நீண்டதாயின் உள்ளே இறங்கிவிடும். இறங்கிற்றோ, வந்தவர் பாடு திண்டாட்டம்தான். "எண்ணெய் கண்டு எத்தனை மாசமாச்சு? மண்ணைக் குழைச்சுப் பூசிட்டு ஓட்டுறீங்களா?" என்று தொடங்கி, சங்கிலி தேய்ந்தால் பற்கள் தேயும், பற்கள் தேய்ந்தால் பல்சக்கரமே பாழ் என்பதுவரை சொல்லி முடித்தாலன்றி அவன் கை திருகியைத் தொடாது. வண்டியை விட்டுச் செல்ல வந்தவர்கள் காதையும் அங்கேயே விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. ஆயினும் அவன் கைபட்ட வண்டி வழியில் நின்றதில்லை என்பதால் ஏச்சைக் கேட்டுக்கொண்டே மீண்டும் வந்தனர்.

அந்த நாவே ஆறாண்டுகளுக்கு முன் அவன் குடும்பத்தை அறுத்தது. உடன்பிறந்தவள் ஒரே ஒரு தமக்கை. தாயில்லாத அவனுக்குத் தலைவாரிச் சோறூட்டி வளர்த்தவள். தாழ்நகரிலிருந்து மேல்நகர் வரை மடல்களைச் சுமந்து சென்று வீடுதோறும் சேர்க்கும் அஞ்சல் பணியாள். அவள் கணவன் நெடுநாள் இருமி, ஒரு நாள் இருமல் நின்று மாண்டபோது, அழுதுகொண்டு உள்ளே நுழைந்த தம்பி, சங்கிலியைக் கண்டு ஏசும் அதே குரலில், "முன்னாடியே கவனிச்சிருந்தா மனுஷன் பொழைச்சிருப்பார்" என்றான். வீடே கேட்டது. மூலையில் முழங்காலைக் கட்டி அமர்ந்திருந்த தமக்கை மகளும் கேட்டாள். அன்று முகம் திருப்பிக்கொண்ட தமக்கை, நாள்தோறும் அப்பட்டறையைக் கடந்தே பாலம் ஏறினாளெனினும், ஒருநாளும் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் மட்டும் ஒவ்வொரு காலையும் அவள் வண்டியின் ஒலியைக் கேட்பான். சங்கிலி ஆண்டுக்கு ஆண்டு கரகரப்பதையும் கேட்பான். கேட்டும் எழுந்து செல்லத் துணிவில்லாமல் கையிலிருந்த வேலையில் குனிந்துகொள்வான். செய்த பிழைக்கு அது அவனுக்கு நாள்தோறும் கிடைத்த சூடு.

நாம் கூறிய அப்பிற்பகலில், வண்டியைத் தள்ளிக்கொண்டு அவளே அவன் வாயிலில் வந்து நின்றாள். நரை கூடியிருந்தது. தோளில் வெறும் அஞ்சற்பை.

"இந்தச் சத்தம் உயிரை வாங்குது. என்னன்னு பாரேன்" என்றாள், நேற்றுத்தான் பேசிப் பிரிந்தவளைப் போல.

"உக்காருக்கா" என்று முக்காலியைத் துணியால் துடைத்துத் துடைத்து, துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

"போதும்டா, தேய்ஞ்சிடப் போகுது. ஆறு வருஷம் ஆச்சு. இனிமே கோவத்தைத் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பு இல்ல. பை கனமே போதும்."

அவன் விம்மலை மறைக்க வண்டிக்கருகே குனிந்தான். தகட்டை வைத்தான், அது தடையேதுமின்றி உள்ளே விழுந்தது. வேறு யாராயினும் அந்நேரம் அவன் நாவுக்குத் தப்பியிருக்க மாட்டார்கள். அவனோ உதட்டைக் கடித்துக்கொண்டு, தன்னிடமிருந்த சங்கிலிகளிலேயே சிறந்ததை எடுத்து, பழையதன் ஆணியைத் தட்டிக் கழற்றி மண்ணெண்ணெய்த் தட்டில் இட்டுவிட்டுப் புதியதைப் பூட்டினான். பூட்டிய பின்னரே பின்சக்கரத்தின் அழுக்கை வழித்துப் பற்களைப் பார்த்தான். ஒருகாலத்தில் இருபுறமும் ஒத்துச் சரிந்து நின்ற பற்கள், பூனை நகம் போல் ஒருபுறம் வளைந்து கூராகிக் கிடந்தன.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கற்றறிந்தீர் மனத்திற்கொள்க. தேய்ந்த சங்கிலியும் தேய்ந்த பற்களும் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து ஒன்றன் குறையை ஒன்று பொறுத்துக்கொள்ளும் முதிய இணையரைப் போல முனகிக்கொண்டேனும் ஓடிவிடும். தேய்ந்த பற்களின்மேல் புதுச் சங்கிலியை ஏற்றினாலோ, கண்ணிகள் பற்களின் அடியில் அமராமல் நுனியில் தொற்றி நிற்கும். கையால் சுற்றினால் ஓடும். சமநிலத்தில் மெல்ல மிதித்தாலும் ஓடும். மேட்டில் எழுந்து நின்று முழு எடையையும் மிதிகட்டையில் ஏற்றும் கணத்தில் பல் தாவிக் குதித்துவிடும். ஆகவே இரண்டையும் மாற்றுக, இல்லையேல் இரண்டையும் விட்டுவிடுக என்று நூறு பேரிடம் நூறு முறை சொன்னவன் அவனே.

அவ்வளவிலான பல்சக்கரம் பட்டறையில் இல்லை. வெளியூரிலிருந்து வரவழைக்க மூன்று நாள் ஆகும். பழைய சங்கிலியையே மீண்டும் பூட்டியிருக்கலாம். அல்லது ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பாலத்தில் எழுந்து நின்று மிதிக்காதே, இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்னும் அச்சொல் அவன் நாநுனிவரை வந்தது. ஆனால் அவன் வாயிலிருந்து வரும் எந்த எச்சரிக்கையும் ஏச்சாகவே ஒலிக்கும் என்பதை ஆறாண்டுத் தனிமை அவனுக்குக் கற்பித்திருந்தது. பல் இப்படித் தேயும்வரை விட்டாயே என்று அவள் காதில் விழுந்துவிடுமோ, ஆறாண்டு கழித்து மலர்ந்த முகம் மீண்டும் திரும்பிவிடுமோ என்று அஞ்சினான். அஞ்சி, அச்சொல்லை விழுங்கினான்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குக்கா. மூணு நாள் கழிச்சுக் கொண்டா."

அவள் சிரித்தாள். "அக்காவை இன்னொரு தடவை வரவைக்க ஒரு சாக்கு. அப்படித்தானே? நானும் சாக்கு வச்சுக்கிட்டுத்தான் வந்தேன், போ."

"ஆமாக்கா" என்று அவனும் சிரித்தான். அந்தப் பொய்யை எண்ணி அவன் பின்னாளில் அழாத நாளில்லை.

மறுநாள் முற்பகலில், நிறைந்த பையோடு அவள் பாலம் ஏறினாள். செங்குத்தான இடம் வந்ததும் வழக்கம்போல் இருக்கை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். சங்கிலி தாவியது. உடல் முன்னே சரிய, வண்டி சாலை நடுவே கவிழ, பின்னால் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்த சரக்குந்து, நிறுத்தத் தூரம் போதாமல், விழுந்தவள்மேல் ஏறியே நின்றது. மடல்கள் பாலமெங்கும் பறந்தன. இதற்குமேல் விரித்துரைக்க நமக்கு மனம் வரவில்லை.

கூச்சல் கேட்டு ஓடிய தகட்டுக்காரன் போய்ச் சேர்ந்தபோது, அவள் முகத்தை யாரோ பைத்துணியால் மூடியிருந்தனர். அருகே கவிழ்ந்து கிடந்த வண்டியின் பின்சக்கரத்தில், புதுச் சங்கிலி ஒரு பல் விலகி நின்றதை அவன் கண்டான். கூட்டம் ஓட்டுநரைக் கீழே இழுத்துப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. "நான் இடிக்கல! அம்மா தானா விழுந்தாங்க! சாமி சத்தியமா நான் இடிக்கல!" என்று உதடு கிழிந்து கதறினான் அவன். கேட்பாரில்லை. அது மெய்யென்று அறிந்த ஒருவன் அக்கூட்டத்தில் நின்றான். அவன் வாயும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள், சொன்னபடியே, பல்சக்கரம் பொதியில் வந்து சேர்ந்தது. அவன் அதைப் பிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த அப்பொதியையே பார்த்துக்கொண்டு உண்ணாமல் அமர்ந்திருந்தான். சொன்னால், தாயும் தந்தையும் போய், மாமா ஒருவனே உறவென்று அவன் தோளில் சாய்ந்து அழுத தமக்கை மகளை இழப்பான். சொல்லாவிட்டால், குற்றமற்ற ஒருவன் சிறை புகுவான். எண்ணி எண்ணி ஒரு முடிவுக்கும் வராமல் அன்றைய பொழுதும் போயிற்று.

நான்காம் நாள் காலை, காவல் நிலையத்திலிருந்து அவனுக்கே அழைப்பு வந்தது. முற்றத்தில் வண்டி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சுவரோரப் பலகையில், ஒரு கண் வீங்கி மூடிய ஓட்டுநர் காவலர் இருவருக்கிடையே அமர்ந்திருந்தான். தாயின் பொருள்களைப் பெற்றுச் செல்ல வந்திருந்த தமக்கை மகள், கிழிந்த அஞ்சற்பையை மார்போடு அணைத்து நின்றாள்.

"வண்டியில ஏதும் கோளாறு இருந்துச்சான்னு மேலிடத்துல இருந்து எழுதிக் கேக்குறாங்க" என்றார் ஆய்வாளர். "இந்த ஊர்ல அதைச் சொல்ல உங்களை விட்டா ஆள் இல்ல. உங்க அக்கா வண்டிதான், தெரியும். மனசைக் கல்லாக்கிட்டுப் பாத்துச் சொல்லுங்க."

அவன் தகட்டை எடுத்துச் சங்கிலியில் வைத்தான். நுனி வெளியே நின்றது. பழுதில்லை. இருபதாண்டுகளாய் அவன் நம்பிய தகடு, அவனைக் காப்பாற்றவென்றே அங்கே நிற்பது போல் நின்றது.

"செயின் புதுசு" என்றான். "செயின்ல குறை இல்ல."

ஆய்வாளர் எழுதினார். ஓட்டுநர் தலை கவிழ்ந்தான். அப்போது தமக்கை மகள், யாரிடமுமல்லாமல், மெல்லச் சொன்னாள்: "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாங்க. தம்பி கை பட்டதும் மிதிக்க எவ்வளவு லேசா இருக்கு பாருடின்னு. பொழுதுக்கும் அதையே சொல்லிட்டு இருந்தாங்க."

தகடு அவன் விரல்களிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"எழுதாதீங்க சார்" என்றான். "செயின்ல குறை இல்லைதான். பல்லைப் பாருங்க."

பின்சக்கரத்தை ஒரு காவலரை இறுகப் பிடிக்கச் சொன்னான். மற்றவரை மிதிகட்டையில் ஏறி நிற்கச் சொன்னான். ஏறி நின்றார். இரும்பு இரும்பின்மேல் தாவும் ஒலி, வெடிப்பு போல, அம்முற்றத்தில் கேட்டது. மீண்டும் ஏறச் சொன்னான். மீண்டும் கேட்டது. ஒவ்வொரு முறையும் அப்பெண்ணின் உடல் அதிர்ந்தது. பின்னர் அவன் எல்லாவற்றையும் சொன்னான்: பற்களைக் கண்டதை, மூன்று நாள் என்றதை, விழுங்கிய சொல்லை. பலகையில் இருந்தவன் கட்டுண்ட கைகளில் முகம் புதைத்துக் குலுங்கி அழுதான்.

தமக்கை மகள் பையை இன்னும் இறுக்கிக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, ஆறாண்டுகளுக்கு முன் ஒரு மூலையில் அமர்ந்து கேட்ட அதே குரல் அவளிடமிருந்து வந்தது.

"முன்னாடியே சொல்லியிருந்தா அம்மா பொழைச்சிருப்பாங்க மாமா."

அச்சொல் எத்துணைக் கொடியதென்று அன்றுதான் அவன் அறிந்தான். அது மெய்யாக இருக்கும்போது இன்னும் எத்துணைக் கொடியதென்றும் அறிந்தான். பையை அணைத்தபடி அவள் வெளியேறினாள். வாயிலைத் தாண்டும்வரை திரும்பிப் பார்ப்பாளென்று நின்றான். அவள் திரும்பவில்லை.

ஓட்டுநர் விடுவிக்கப்பட்டான். தகட்டுக்காரன்மேல் தொடுக்கப்பட்ட வழக்கு நெடுநாள் நடந்து, சிறு தண்டத்தோடு முடிந்தது. தன் குற்றத்துக்கு அது ஒப்பன்று என்று அவனே முறைமன்றத்தில் சொல்ல, நடுவர் கேட்டும் கேளாதவராய் அடுத்த வழக்கை அழைத்தார். இன்றும் அப்பட்டறை திறந்திருக்கிறது. ஏச்சில்லை, ஆனால் எதையும் விழுங்குவதுமில்லை. இன்ன பல் தேய்ந்துள்ளது, இன்ன மேட்டில் இறங்கித் தள்ளுக என்று வருவோர் ஒவ்வொருவரிடமும் தாழ்ந்த குரலில் இருமுறை சொல்லி, அவர்கள் திருப்பிச் சொன்ன பின்னரே வண்டியைக் கொடுக்கிறான். தமக்கை மகள் நாள்தோறும் அவ்வழியே நடந்து பாலம் ஏறுகிறாள்.

கற்றறிந்தீர், தேய்வு என்பது ஒரே நாளில் வருவதன்று. நாள்தோறும் ஒரு மயிரிழையாக, நாம் வேறு வேலையில் குனிந்திருக்கும்போது வருவது. அதைக் கண்டபின்னும், உறவு நோகுமென்று வாய் மூடி நிற்கும் அன்பு அரைகுறை அன்பே. பட்டறையின் உட்சுவரில் அவள் வண்டி தொங்குகிறது. வழக்கு முடிந்து அது திரும்பி வந்த அன்றே அவன் பொதியைப் பிரித்து, அந்தப் பல்சக்கரத்தைப் பூட்டி, எண்ணெயிட்டு, தன் எடை முழுவதையும் மிதிகட்டையில் ஏற்றி நின்று பார்த்தான். சங்கிலி தாவவில்லை. கண்ணிக்குக் கண்ணி பல் பொருந்தி ஓசையின்றி நின்றது. அது எந்த மேட்டிலும் ஏறும், ஏறுவதற்குத்தான் ஆளில்லை.