நான்காவது பொத்தான்

மூன்றாவது பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டம்மா பாலோடு உள்ளே வந்தாள்.

சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவுக்குச் சட்டை போட்டுவிடுவது அவளுக்குக் கைப்பழக்கம். இரண்டு வருடமாகத் தினமும் காலை எட்டரைக்கு இதே கட்டில், கழுத்துவரை இதே ஆறு பொத்தான். வழக்கமாகப் பெரியவள் தாடையைத் தூக்கிக்கொண்டு, "கழுத்தை நெரிச்சுடாதடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்பாள். இன்று தாடையை இவளே நிமிர்த்தி வைக்க வேண்டியிருந்தது.

நேற்றுப் பதினோரு மணிக்குக் கீழ்வீட்டில் பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு. செய்தி வந்தபோது சின்னவள் கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸை விளக்கில் காட்டிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர்றவங்களுக்கு டீ போடணுமில்ல. ஆறு பாக்கெட் வாங்கிட்டேன்" என்று கீழ்வீட்டம்மா பையை நாற்காலியில் மாட்டினாள்.

வெள்ளைப் பருத்தி நூலில் பின்னிய வலைப்பை. பால் கனத்தில் வலைக்கண்கள் நீண்டு, பை தரையைத் தொடப் பார்த்தது. கைப்பிடியோரம், ஆணியில் மாட்டுவதற்கென்று சிவப்பு நூலில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம். அப்படி வளையம் வைத்துப் பின்னுகிறவள் இந்த ஊரில் ஒருத்திதான், அக்கா. 'பழைய பை போலிருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறாள், பாவம்' என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்து மூலைக்கடைத் தையல்காரி பூ கொண்டுவந்தாள். பச்சை வலைப்பை, கண்களுக்குள்ளிருந்து பூக்கள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. கைப்பிடியில் சிவப்பு வளையம். தையல்காரி இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

தையல்காரி கூடத்துக்குப் போகும்வரை சின்னவள் காத்திருந்தாள்.

"இந்தப் பை எப்பப் போட்டது?"

கீழ்வீட்டம்மா பால் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"போன மாசம்மா."

"ரெண்டு வருஷமாக் கைதான் வராதே அவளுக்கு."

"வரும்" என்றாள் கீழ்வீட்டம்மா, மிகச் சின்னக் குரலில்.

பிறகு, மூடி கழன்ற டப்பா மாதிரி எல்லாம் கொட்டிவிட்டது. சின்னவள் பஸ் ஏறியதும் பெரியவள் கீழே இறங்கிவிடுவாளாம். நூல்கண்டும் குரோஷா ஊசியும் கீழ்வீட்டுப் பீரோவில்தான் இருந்தனவாம். கை பாட்டுக்குப் பின்னும், வாய் பாட்டுக்குக் கதை அளக்குமாம். தெருவில் பதினோரு வீட்டுக்குப் பை போட்டுக் கொடுத்துவிட்டு, தங்கச்சி காதுக்குப் போகக் கூடாது என்று வீட்டுக்கு வீடு சத்தியமும் வாங்கியிருக்கிறாள்.

"எதுக்குன்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டேன். 'என் கை நல்லாயிட்டா அவ ரயிலேறிடுவா'ன்னா. உன்மேல அவ்வளவு உசுரும்மா அவளுக்கு."

ரயில். சின்னவளுக்குக் கிழமைகூட நினைவிருந்தது. வேறு ஊரில் திறக்கும் புதுக் கடைக்கு அவளே மேலாளர் என்று செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. நாற்பத்து நான்கு வயதில் முதல்முறையாக அவள் பெயருக்குக் கீழே ஒரு பதவி. வியாழக்கிழமை காலை பெரியவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. விரல் மரத்துப்போச்சு என்றாள். நரம்பு டாக்டர் மூன்று முறை சோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை, சிலருக்கு இப்படித்தான் என்றார். கடிதத்துக்கு வர இயலாது என்று இவள் பதில் எழுதினாள். அன்றிலிருந்து சோறு ஊட்டினாள், தலை வாரினாள், பொத்தான் மாட்டினாள்.

வீட்டிலிருந்த கடைசி வலைப்பையும் அந்த வருடமே நைந்துபோனது. காய்கறியைப் பிளாஸ்டிக் கவரில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வருவாள். கவரின் காது அறுத்து விரல்களில் சிவப்புச் சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும். அதைப் பார்த்துப் பெரியவள், "ஒரு நல்ல பையா வாங்கிக்கக் கூடாதாடி?" என்று கேட்பாள். எத்தனை முறை கேட்டிருப்பாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

கீழ்வீட்டம்மா வாசல் பக்கம் பார்த்தாள். அண்ணி அங்கே நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். சரியாக மூடாத ஜிப்பின் ஓரத்தில் சிவப்பாக ஒரு வளையம் எட்டிப் பார்த்தது. சின்னவள் போய்விட்டால் பெரியவளை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று அண்ணன் வீட்டில் அப்போது பேச்சு வந்ததும், வந்த வேகத்தில் அடங்கியதும் சின்னவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது.

"பழசையெல்லாம் கிளறாத. போனவங்களப் பத்தி என்ன பேச்சு" என்றாள் அண்ணி. "வண்டி வந்துடுச்சு, உங்க அண்ணன் கத்துறார். சீக்கிரம் முடி."

இருவரும் வெளியே போனார்கள்.

சின்னவள் அக்காவின் இடது கையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஆள்காட்டி விரலில், நூல் ஓடி ஓடி, தோல் ஒரு மெல்லிய பள்ளமாகக் காய்த்திருந்தது. தினமும் இரவில் வெந்நீரில் துடைத்துவிட்ட விரல்தான். லென்ஸில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று கடையில் அவளுக்குப் பெயர்.

கையைப் பழையபடி வைத்தாள். நான்காவது பொத்தானைத் தொட்டாள். அது விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மாட்டாமலே விட்டாள்.

"ஆச்சா?" என்று வெளியிலிருந்து அண்ணி கேட்டாள்.

சின்னவள் போர்வையை அக்காவின் தாடைவரை இழுத்து, ஓரங்களைச் செருகி, சுருக்கம் நீவினாள்.

"ஆச்சு" என்றாள்.